செய்நிரலுக்கு ஒரு சல்லடை

கணினி செய்ய வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதித் தருவதைச் செய்நிரல் என்கிறோம். இன்று மலையகப் பாடசாலைகளிலும் உயர்தர வகுப்பு மாணவர் பைதன் மொழியில் செய்நிரல் எழுதப் பயில்கின்றனர். எழுதியதைச் சரிபார்க்கும் கருவிகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இப்பேச்சின் பொருள். கணினி கற்றவர்க்கு மட்டும் உரிய செய்தி என்று நேயர்கள் இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மலைச்சரிவில் லயன் அறைகளில் வாழ்வோருக்கு இதில் உயிரோடு தொடர்புடைய பங்கு உண்டு.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயன்களை மூடிய துயரம் நம் நினைவை விட்டு நீங்காதது. இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்யும் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவுகளை வகுத்துள்ளது. ஹட்டனில் மாணவர் சிலர் மழைமானியின் அளவைப் படித்து அறிவிக்கும் ஒரு செய்நிரலை எழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும்படி கூறும் வாசகத்துக்கு அவர்கள் ‘செய்தி’ என்று பெயரிடுகின்றனர். பைதன் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஆனால் அதனை அறிவிக்கும் வரியில் ஒரு புள்ளி தவறி ‘செயதி’ என விழுந்துவிடுகிறது. கணினி உடனே முறையிடுமா எனின், முறையிடாது. ஒரு வரியை நிறைவேற்றும் வேளையிலேதான் பைதன் அவ்வரியிலுள்ள பெயரைத் தேடும். அந்த வரியோ மழை 150ஐத் தாண்டும் நாளில் மட்டுமே நிறைவேறும். மாதக்கணக்கில் பழுதின்றி ஓடிய செய்நிரல், தேவைப்பட்ட அந்த ஒரே இரவில் பெயர் தெரியவில்லை என்று நின்றுவிடும்.

இத்தகைய பிழையை, செய்நிரலை ஓட்டாமலே வாசித்துக் கண்டுபிடிக்கும் கருவிக்கு லின்ட் என்று பெயர். 1978இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவன் ஜோன்சன் என்பார் சி மொழிக்காக முதல் லின்டை எழுதினார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளைக் குறிக்கும் சொல் அது. தேயிலைத் தொழிற்சாலையில் தூளை அரித்துப் பிரிக்கும்போது பறக்கும் நார்த்துகளைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். இன்று பைதனுக்குப் பைலின்ட், ஃபிளேக் எட்டு, 2022இல் தோன்றிய ரஃப் எனப் பல உள. மிக விரைவாக வேலை செய்வதாலும், பல கருவிகளின் பணியை ஒன்றே ஏற்பதாலும், பழைய கணினிகளையே நம்பியிருக்கும் நம் பாடசாலைகளுக்கு ரஃப் ஏற்றது என்பது என் கருத்து. மேற்சொன்ன ‘செயதி’யை அது கணப்பொழுதில் சுட்டிவிடும்.

ஆயினும் கருவி இருப்பது வேறு. உரிய சோதனை இயங்குவது வேறு. 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் தன் பாதுகாப்பு நிரலில் இருந்த பெரும் பிழையொன்றைத் திருத்திற்று. ஒரே கட்டளை அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தமையால், அதற்குப் பின்னிருந்த சரிபார்ப்பு வரிகள் நிறைவேறாமலே போயின. சென்றடைய முடியாத வரிகளைச் சுட்டும் சோதனை கிளாங் என்னும் கருவியில் அப்போதே இருந்தது. ஆனால் ‘அனைத்தும்’ என்று பெயர் தாங்கிய எச்சரிக்கைத் தொகுதியில் அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை! ஆகவே பெயரை நம்பாது, வேண்டிய விதிகளை நாமே பார்த்து இயக்க வேண்டும். அதற்காக எண்ணூறு விதிகளையும் ஒருங்கே இயக்குவதும் தகாது. எதற்கெடுத்தாலும் கண்டிக்கும் ஆசிரியரின் சொல் மாணவர் காதில் ஏறாது.

இனி, லின்ட் காண முடியாத பிழையும் உண்டு. 150 என்பதை ஒருவர் 510 என்று எழுதினால், எழுத்திலக்கணப்படி குற்றமில்லை; கருவி வாய் திறவாது. அதை ஏன் மாற்றினார், யார் சொல்லி மாற்றினார் என்று அறிய ஒரு பதிவு வேண்டும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயருடனும் நாளுடனும் பதிந்து வைக்கிறது. நம் செக்ரோலும் பெயரையும் நாளையும் காட்டும். ஆனால் அரைப்பேர் விழுந்தது ஏன் என்று கேட்டால் அதில் விடை இராது. கிட்டிலோ காரணத்துக்கும் இடம் உண்டு. அதுவே கமிட் குறிப்பு.

அக்குறிப்பைச் சரிபார்க்கும் கருவிகளுள் கமிட்லின்ட், கிட்லின்ட் என்பன பெயர்பெற்றவை. முன்னது ஜாவாஸ்கிரிப்ட் சூழலைச் சார்ந்தது. பைதன் மட்டும் வைத்திருப்போர் அதற்காக வேறொரு சூழலையும் நிறுவ நேரும். கிட்லின்ட் பைதனிலேயே எழுதப்பட்டது. தலைப்பு 72 குறிகளுக்கு மேற்படலாகாது, விளக்கம் 20 குறிகளுக்குக் குறையலாகாது என்பன அதன் இயல்பான விதிகள். இங்கேதான் தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து; புள்ளியையும் விசிறியையும் தனித்தனியே எண்ணும் கருவிக்கு ஐந்து. ‘நுவரெலியா’ நமக்கு ஐந்து, அதற்கு ஒன்பது. எனவே தலைப்பின் எல்லையைத் தமிழுக்கு நூறு அல்லது நூற்றிருபது எனத் தளர்த்துவது நலம். கீழெல்லையோ மறுபுறமாக ஏமாற்றும். ‘திருத்தம் செய்யப்பட்டது’ என்பது பதின்மூன்றே எழுத்து. இடைவெளியுடன் கருவி 23 என எண்ணி அதனை உள்ளே விட்டுவிடும். ஒன்றும் சொல்லாத அந்த வாசகம் விளக்கமாகத் தேறிவிடுகிறது. கீழெல்லையை அறுபது ஆக்கலாம். ஆயினும் எழுதியது மெய்யா என்பதை மற்றொரு மாணவர் படித்துப் பார்த்தே ஒப்ப வேண்டும்.

இக்கருவிகளை ஒவ்வொருவர் கணினியிலும், மாற்றத்தைப் பதியும் நேரத்தில் தாமாக இயங்குமாறு அமைக்கலாம். அந்தக் காவலை ஒரே சொல்லால் விலக்கிவிட கிட் இடம் தருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் எல்லோருடைய வேலையும் வந்து சேரும் பொதுவிடத்திலும் அதே சோதனையை மறுமுறை நடத்துவது இன்றியமையாதது. இரண்டிடத்தும் கருவியின் பதிப்பு ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒருவர் கணினியில் தேறியது பொதுவிடத்தில் தோற்கும். விதிகளை எழுதிய கோப்பையும் செய்நிரலோடு ஒரே இடத்தில் வைத்துவிட்டால், விதியைத் தளர்த்துபவரும் அதற்குக் காரணம் எழுதியாக வேண்டியிருக்கும்.