ஓட்டத்தை நிறுத்தாத பழுதுகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் உள்ள லாரிப் பட்டறைகளைக் கடந்து செல்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். முன்புறம் திறந்துகிடக்கும் பழைய லாரி, சங்கிலியில் தொங்கும் எஞ்சின், அதனருகே கவலையோடு நிற்கும் உரிமையாளர். நாளொன்று கடந்தால் ஒரு நடையின் வாடகை போய்விடும் என்பதால் இரவிலும் விளக்கைப் போட்டு வேலை நடக்கும்.

பாலிடெக்னிக் கல்லூரியில் தானியங்கி ஊர்திப் பொறியியல் கற்பித்தவன் நான். அதற்கு முன்பே, சொந்த லாரி ஓட்டிய ஒருவரின் மகன். இந்த இரு தகுதிகளையும் கொண்டு பழைய லாரிகளைப் பற்றி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். லாரிகளின் பழுதுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வண்டியை நிறுத்திவிடும் பழுது. மற்றொன்று, வண்டியை நிறுத்தாமல் ஓடவிடும் பழுது. முதல் வகைக்கு எப்படியாவது பணம் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் வகை தள்ளிப்போடப்படுகிறது. சாலையில் உயிர்களைப் பறிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

எஞ்சினை எடுத்துக்கொள்வோம். டீசல் எஞ்சின் நீண்ட ஆயுள் கொண்டது. சில லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பிஸ்டன் வளையங்கள் தேயும், எண்ணெய் குறையும், நீலப்புகை வரும், மேட்டில் இழுவை குறையும். அப்போது பிஸ்டன், வளையங்கள், லைனர், பேரிங்குகள் ஆகியவற்றை மாற்றி ஓவர்ஹால் செய்தால் எஞ்சின் மீண்டும் பல ஆண்டுகள் உழைக்கும். எஞ்சின் தன் நோயை ஒளிப்பதில்லை. டீசல் செலவில் காட்டும். கடைசியில் வழியிலேயே நின்று காட்டும். அதனால்தான் அதற்கு உடனே மருத்துவம் கிடைக்கிறது.

பிரேக் அப்படியல்ல. கனரக வாகனங்களில் இருப்பது காற்றழுத்த பிரேக். ஓட்டுநர் மிதிக்கும்போது காற்று, சக்கரத்தின் அருகேயுள்ள அறைக்குள் புகுந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. தண்டு நெம்புகோலைத் திருப்ப, லைனிங் விரிந்து டிரம்மை அழுத்துகிறது. அந்தத் தண்டு குறிப்பிட்ட தூரம் மட்டுமே நகரக்கூடியது. லைனிங் தேயத் தேய, டிரம்முக்கும் அதற்குமான இடைவெளி கூடுகிறது. தண்டும் கூடுதலாக நகர வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியைச் சரிசெய்வதற்காகவே ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற உறுப்பு இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால், ஒரு கட்டத்தில் தண்டு தன் எல்லையைத் தொட்டு நின்றுவிடும். காற்றழுத்தமானி முழு அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்; ஆனால் அந்த அழுத்தம் டிரம்மைச் சென்றடையாது.

சமவெளியில், நிதான வேகத்தில், இந்தக் குறை தெரியாது. மலை இறக்கத்தில்தான் தெரியும். தொடர்ந்து மிதிப்பதால் டிரம் சூடேறி விரிகிறது. இடைவெளி மேலும் கூடுகிறது. சூட்டினால் லைனிங்கின் உராய்வுத் திறனும் குறைகிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்பெற்றதாக இருப்பதற்கு நீண்ட இறக்கம், வளைவு, வேகம் ஆகியவற்றோடு இதுவும் ஒரு காரணம். டீசல் மிச்சமாகும் என்று எண்ணி கியரை நியூட்ரலில் போட்டு இறக்குவது, எஞ்சின் தரும் தடையையும் இழந்து, முழுப் பாரத்தையும் ஏற்கெனவே தேய்ந்த பிரேக்கின் மீது ஏற்றுவதாகும். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்காதவரை, டீசல் செல்வதே நின்றுவிடுகிறது என்பது பல ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை.

என் தந்தை 1986-இல் அந்தக் கணவாயில் இரும்புக் கம்பிப் பாரத்துடன் இறங்கினார். பிரேக் பிடிக்கவில்லை. எதிரே வந்த பேருந்தைத் தவிர்க்க, வண்டியை மலைச்சரிவில் மோதி நிறுத்தினார். பேருந்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அவருடைய இடது கால் மட்டும் பிறகு ஒருபோதும் நேராக ஊன்றவில்லை. அந்த வண்டியின் எஞ்சின் அதற்கு முந்தைய மாதம்தான் கடன் வாங்கி ஓவர்ஹால் செய்யப்பட்டிருந்தது. லைனிங் மாற்றும் வேலையை "அடுத்த நடை முடியட்டும்" என்று அவரே தள்ளிவைத்திருந்தார். அவர் கவனக்குறைவானவர் அல்லர். கையில் ஒரு செலவுக்கான பணமே இருந்தது. இரண்டு செலவுகள் இருந்தன. வண்டியை ஓடவைக்கும் செலவை அவர் தேர்ந்தெடுத்தார்.

இன்று டிரெய்லர் லாரிகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகியுள்ளது. முன்னால் இழுக்கும் வண்டியும் பின்னால் இழுபடும் டிரெய்லரும் தனித்தனிப் பதிவெண் கொண்ட தனித்தனி வாகனங்கள். புதிய இழுவை வண்டியின் பின்னால் பழைய டிரெய்லர் ஓடுவதை நெடுஞ்சாலைகளில் காணலாம். டிரெய்லருக்கு எஞ்சின் இல்லை. எனவே அது வழியில் நின்றுபோய்த் தன் முதுமையை அறிவிப்பதில்லை. அதன் பிரேக், விளக்கு, ஸ்பிரிங் பட்டை, அச்சு ஆகியவை யாருடைய கண்ணிலும் படாமல் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டையும் பிணைப்பது கிங் பின் என்னும் எஃகு முளை. பரவலாகப் பயன்படும் ஒரு வகையின் விட்டம் 2 அங்குலம்தான். அதில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மாற்றிவிட வேண்டும். தேய்மானத்தை அளக்க எளிய அளவுகோல்கள் உள்ளன. ஆனால் அளப்பதற்கு டிரெய்லரைக் கழற்ற வேண்டும். மசகைத் துடைக்க வேண்டும். அரை நாள் போகும். வாடகைக்குக் காத்திருக்கும் வண்டிக்கு அந்த அரை நாளை யார் தருவார்கள்?

சேசிஸ் விரிசலும் இத்தகையதே. கூடுதல் பாரம், குண்டும் குழியுமான சாலை ஆகியவற்றால் சட்டத்தில் மயிரிழை போல விரிசல் தோன்றும். பட்டறையில் வெல்டிங் வைத்து மூடிவிடுவார்கள். வெல்டிங்கின் சூடு சுற்றியுள்ள எஃகின் வலிமையை மாற்றிவிடக்கூடும் என்பதால், முறையறியாமல் வைத்த ஒட்டின் ஓரத்திலேயே மீண்டும் விரிசல் விடும். மேலே வண்ணம் பூசிவிட்டால் அதுவும் தெரியாது.

இவற்றைக் கண்டறியத்தானே தகுதிச் சான்று என்று கேட்கலாம். முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் சரக்கு வாகனங்கள் தகுதிச் சான்று பெற வேண்டும். நல்ல விதிதான். ஆனால், எஃப்.சி. நாளுக்காக வண்ணம் பூசுவதையும், நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டிப் பின்னர் கழற்றித் தருவதையும் நானே பார்த்திருக்கிறேன். ஆண்டில் ஒரு நாள் சோதனை, மீதி 364 நாள்களின் பராமரிப்புக்கு ஈடாகாது.

அரசு வயதைக் கொண்டு இச்சிக்கலைத் தீர்க்க முயல்கிறது. பழைய வாகன அழிப்புக் கொள்கை 2021 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. 15 ஆண்டுகளைக் கடந்த கனரக வாகனங்களின் தகுதிச் சான்றுப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.12,500 என்று அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பழைய வண்டியை அழிக்கத் தருபவருக்கு, புதிய வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை மதிப்புக் கிடைக்கலாம் என்று கொள்கை கூறுகிறது. பழைய வண்டிகள் அதிகப் புகை கக்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒற்றை லாரியை வைத்துப் பிழைப்பவர் அந்தத் தொகையைக் கொண்டு புதிய வண்டி வாங்க இயலாது. அவர் வாங்குவது மற்றொருவரின் பழைய வண்டியாகவே இருக்கும். கட்டணம் உயரும்போது அவர் குறைத்துக்கொள்ளும் செலவு எது? டீசலைக் குறைக்க முடியாது. சுங்கச்சாவடியைத் தவிர்க்க முடியாது. தவணையைத் தள்ள முடியாது. எஞ்சியிருப்பது பிரேக் லைனிங்தான்.

புதிய வண்டியும் முழு விடை அல்ல. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 லாரிகளில் புகையைச் சுத்திகரிக்கும் வடிகட்டி, யூரியா கரைசல் தெளிக்கும் அமைப்பு, பல உணரிகள் என நுட்பமான உறுப்புகள் உள்ளன. ஓர் உணரி பழுதானாலும் எஞ்சின் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். ஸ்பேனரோடு வளர்ந்த சாலையோர மெக்கானிக்கிடம் அதைப் படித்தறியும் கருவி இருப்பதில்லை. இந்த வண்டிகள் முதுமையடையும்போது, நிறுத்தும் பழுதுகளுக்கே பணம் முழுவதும் போய்விடும். நிறுத்தாத பழுதுகள் இன்னும் பின்னுக்குத் தள்ளப்படும்.

செய்யக்கூடியவை உண்டு. வண்டி வாங்கக் கடன் தரும் நிறுவனங்கள், பிரேக், அச்சு, பிணைப்பு ஆகியவற்றின் பழுதுபார்ப்புக்கும் சிறு கடன் தர முன்வர வேண்டும். கடன்பட்ட வண்டி கவிழ்ந்தால் அவர்களுக்கும் இழப்புதானே! டிரெய்லருக்கெனத் தனிப் பராமரிப்பு ஏடு கட்டாயமாக்கப்பட்டு, தகுதிச் சான்றின்போது அது சரிபார்க்கப்பட வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள் பொதுவில் ஒரு பிரேக் சோதனை மேடையை அமைத்து, குறைந்த கட்டணத்தில் மாதந்தோறும் சோதிக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்கள், பட்டறைகளில் பணிபுரிவோருக்கு மாலைநேரப் பயிற்சி அளிக்கலாம். சரக்கை அனுப்புவோர், வாடகையைக் கடைசி ரூபாய்வரை பேரம் பேசிக் குறைக்கும்போது, எதைக் குறைக்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் தந்தை அந்த விபத்துக்குப் பிறகு லாரி ஓட்டவில்லை. ஆனால், வீட்டு வாசலில் எந்த லாரி வந்து நின்றாலும் கைத்தடியை ஊன்றிச் சென்று, முதலில் சக்கரங்களுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. நம் சட்டமும் சந்தையும் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான்.