குடலடைப்பும் துளைவழிச் சத்திரசிகிச்சையும்

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமப்போர் பலர் அடிவயிற்றில் தோன்றும் சிறு வீக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. இருமும்போது புடைத்து, படுத்தால் மறையும் அவ்வீக்கம் பெரும்பாலும் குடலிறக்கமாகும். அது உள்ளே திரும்பாது வலிக்கத் தொடங்கினால், குடல் சிக்குண்டு அடைபட்டிருக்கக்கூடும்.

வளர்ந்தோரின் சிறுகுடல் அடைப்புக்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று குடலிறக்கம். மற்றையது, சிசேரியன் போன்ற முன்னைய வயிற்றுச் சத்திரசிகிச்சைகளால் உண்டாகும் ஒட்டுத் தழும்புகள். பெருங்குடலில் புற்றுநோயும் குடல் முறுக்கும் அடைப்பை ஏற்படுத்தும். விட்டு விட்டு வரும் வலி, வாந்தி, வயிற்று உப்பிசம், மலமும் வாயுவும் வெளியேறாமை ஆகியனவே அறிகுறிகள். இதனை வாயுத்தொல்லையெனக் கருதிப் பேதி மருந்து உட்கொள்வது ஆபத்தானது. குருதியோட்டம் தடைப்பட்டால் சில மணித்தியாலங்களில் குடல் அழுகிவிடும்.

எல்லா அடைப்புக்கும் சத்திரசிகிச்சை வேண்டியதில்லை. தழும்பினால் ஏற்பட்ட அடைப்பில் குருதியோட்டம் பாதிக்கப்படாவிடின், உணவை நிறுத்தி, சேலைன் ஏற்றி, மூக்குவழிக் குழாயினால் இரைப்பையை வெறுமையாக்கி, மூன்று நாட்கள் வரை கண்காணிப்பர். பலருக்கு அடைப்பு தானாகவே நீங்கிவிடும்.

சத்திரசிகிச்சை அவசியமாயின், சிலருக்கு லெப்ரொஸ்கோப்பி முறை பொருந்தும். வயிற்றினுள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி, 5 முதல் 10 மில்லிமீற்றர் வரையான துளைகளினூடாகக் கமராவையும் கருவிகளையும் நுழைத்துத் தழும்பை வெட்டுவர். எனினும் வீங்கிய குடல் வயிற்றினுள் இடத்தை அடைத்துக்கொள்வதால், கருவி பட்டுக் குடல் கிழியும் அபாயமுண்டு. இதனாலேயே வைத்தியர்கள் நீண்டகாலம் தயங்கினர்.

பின்லாந்திலும் இத்தாலியிலும் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், துளைவழிச் சிகிச்சை பெற்றோர் சராசரியாக 4.2 நாட்களும், வயிறு திறக்கப்பட்டோர் 5.5 நாட்களும் வைத்தியசாலையில் தங்கினர். ஆயினும் ஒற்றைத் தழும்பே காரணமென எதிர்பார்க்கப்பட்டோரே அதில் சேர்க்கப்பட்டனர். பல தழும்புகள் பின்னியிருந்தாலோ, குடல் அழுகியிருந்தாலோ வயிற்றைத் திறப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது. துளைவழி தொடங்கி இடைநடுவில் வயிற்றைத் திறப்பதும் தோல்வியன்று. அது நிதானமான முடிவாகும்.

நாட்கூலியை நம்பியிருப்பவருக்கு விரைவாக வேலைக்குத் திரும்புவது பெரும் பேறு. ஆனால் அந்த வாய்ப்பு, அவர் எவ்வளவு விரைவாக வைத்தியசாலையை அடைகிறார் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸும் இலவசமாக வரும். வயிற்றுவலியுடன் வாந்தியெடுத்து, மலமும் வாயுவும் நின்றுவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.