உங்களுக்குத் தெரியுமா? வடசென்னையைப் படிக்க வந்தவர்கள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்றால் சினிமாவுக்கு அரிவாள். செய்தித்தாளுக்கு எண்ணெய்க் கசிவு. சமூகவியல், மானுடவியல், வரலாறு படித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தோடு இந்தப் பக்கம் வந்து, சனங்களோடு உட்கார்ந்து பேசியவர்கள் கண்டது வேறு. அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத் தமிழில் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இப்போதைக்குச் சில துணுக்குகள்.

●

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு சென்னைக்கு வந்த கப்பல்கள் கரையை நெருங்க முடியாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. அந்தப் படகோட்டிகள் ஒருநாள் வரவில்லை என்றால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரம் அன்றைக்கு நின்றது. 18-ஆம் நூற்றாண்டுச் சென்னையின் உழைப்பாளிகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரவி அஹுஜா, சங்கம் என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே இங்கே வேலை மறுப்பு இருந்தது என்று காட்டுகிறார். கூலி கட்டுப்படியாகவில்லையா, வேலையைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விடுவார்கள். கூலியை அரசு நிர்ணயிப்பது, ஓடிப்போகிறவர்களைத் தண்டிப்பது என்று கம்பெனி விதிகளைக் கொண்டுவந்ததற்கு இந்தப் போராட்டங்களும் ஒரு காரணம்.

●

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1876-இல் எழத் தொடங்கின. 1881-இல் வந்த புயல் அவற்றைச் சிதைத்தது. திரும்பவும் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே தேங்கிய மணலில் மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. குப்பங்களில் வரிசை வரிசையாக வீடுகள் போயின. நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினாவின் அகலத்தில் வடசென்னைக் குப்பங்கள் இழந்த மணலும் சேர்ந்திருக்கிறது. மெரினாவுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

●

இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் பிறந்தது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியும். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களின் குறையைக் காது கொடுத்துக் கேட்டு, வாடியாவிடம் போய்ச் சொன்னவர்கள் அந்தப் பகுதி வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும்.

இந்தக் கதையை 1918 முதல் 1939 வரை கோப்பு கோப்பாகத் தேடி எழுதியவர் சென்னை ஐ.ஐ.டி.யில் வரலாறு கற்பித்த டி. வீரராகவன். அவர் பார்வையற்றவர். ஆவணங்களைப் பிறர் வாசிக்கக் கேட்டுக் கேட்டு ஆய்வை முடித்தார். 2009-இல் காலமானார். சென்னையின் உழைக்கும் வர்க்கம் உருவான வரலாற்றைச் சொல்லும் அந்த ஆய்வு 2013-இல்தான் நூலாக வந்தது. கண் தெரிந்தவர்கள் தாண்டிப்போன காகிதங்களை அவர் விடவில்லை. இந்த ஒரு நூலுக்காகவே வடசென்னை அவரைக் கொண்டாடலாம்.

சங்கத்தின் மேல் ஆலை நிர்வாகம் போட்ட வழக்கில் வாடியாவுக்கு எதிராக உயர் நீதிமன்றம் தடை விதித்தது. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் நாடு முழுவதும் பரவியது. சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அங்கிருந்து வலுத்து 1926-இல் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. இன்றைக்கு இந்தியாவில் எந்த மூலையில் சங்கத்தைப் பதிவு செய்தாலும் அதன் பின்னால் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் பட்ட பாடு இருக்கிறது. அதே சங்கம் 1921 வேலைநிறுத்தத்தில் சாதியால் பிளந்ததையும் மறைக்கக் கூடாது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் வெளியே நின்றவர்களுக்கும் புளியந்தோப்பில் மோதல் மூண்டு, வீடுகள் எரிந்து, துப்பாக்கிச் சூடும் நடந்தது. முதல் சங்கத்தின் பெருமையைப் பேசும் மேடைகளில் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

●

சிகாகோ பல்கலைக்கழக மானுடவியலாளர் மில்டன் சிங்கர் 1964-இல் சென்னையின் பெரிய தொழிலதிபர்கள் 19 பேரைச் சந்தித்துப் பேட்டி கண்டார். இந்து சமயம் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்று ஜெர்மானிய அறிஞர் மேக்ஸ் வெபர் சொல்லியிருந்தார் அல்லவா? சிங்கர் கண்டது அப்படி இல்லை. வீட்டில் பூசை, சடங்கு, ஆசாரம். ஆலையில் வேறு ஒழுங்கு. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு அவர்கள் சிரமமில்லாமல் வாழ்ந்தார்கள். கூட்டுக்குடும்பம் தொழிலுக்கு முதலும் ஆளும் தந்தது. 1972-இல் வந்த அவருடைய நூல் உலகமெங்கும் சமூகவியல் வகுப்புகளில் பாடமாயிற்று. அதே காலத்தில் எண்ணூர் அசோக் லேலண்டிலும் திருவொற்றியூர் என்ஃபீல்டிலும் ஷிப்டு பார்த்த தொழிலாளியின் வீட்டையும் ஆலையையும் அப்படி அருகிருந்து பார்த்து எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

●

1870 முதல் 1970 வரை கேரளத்திலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்தவர்களைப் பற்றி ஒரு முழு நூல் உண்டு. சூசன் லெவண்டோவ்ஸ்கி எழுதியது, 1980-இல் வெளியானது.

●

கடலில் யார் சட்டம் செல்லும்? ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் பாவிங்க் 1990-களில் சோழமண்டலக் கரையோரக் குப்பங்களிலும் ராயபுரம் விசைப்படகுக்காரர்களிடமும் இந்தக் கேள்வியோடு திரிந்தார். 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகு வரக் கூடாது என்று அப்போது சொன்னது. நடப்பில் அவர் கண்டது மூன்று சட்டங்கள். குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒன்று, விசைப்படகுச் சங்கத்துக்கு ஒன்று, அரசாங்கத்துக்கு ஒன்று.

விசைப்படகு ஒன்று கட்டுமரக்காரரின் வலையை அறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பத்தார் அந்தப் படகைப் பிடித்து வைப்பார்கள். ராயபுரத்திலிருந்து சங்கத்தார் வருவார்கள். பேச்சு நடக்கும், நஷ்ட ஈடு முடிவாகும், படகு விடுபடும். மீன்வளத் துறை அதிகாரிகளின் கவலை பெரும்பாலும் சண்டை முற்றாமல் பார்த்துக்கொள்வதுதான். இதைவிட முக்கியமான ஒன்றையும் பாவிங்க் பதிவு செய்தார். ஊர்ப் பஞ்சாயத்து சில வலைகளையே தடை செய்யும். மற்றவர் பிழைப்பைக் கெடுக்கும், மீன்வளத்தை அழிக்கும், ஊருக்குள் சண்டை மூட்டும் என்று தெரிந்தால் அந்த வலை கூடாது என்று கட்டுப்பாடு போடும். படிக்காத மீனவர் கடலை அள்ளிக் காலி செய்கிறார் என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் பாவிங்கின் 2001-ஆம் ஆண்டு நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள்தான் உட்காருகிறார்கள். கரையில் மீனை ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து விற்றுக் காசாக்கும் பெண்களுக்கு அங்கே இடமில்லை.

●

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். பாடு என்று அதற்குப் பெயர். இன்றைக்கு இந்தத் தலைக்கட்டு இந்த இடத்தில், அடுத்து இன்னொருவர். நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு சுற்று வரும். எண்ணூர் கழிமுகத்துக் குப்பங்களிலும் இந்த வழக்கம் உண்டு. பழவேற்காட்டில் தங்கி ஆராய்ந்த சாரா கூல்தார்ட், ஏரி நலிந்தபோது பாடு உரிமை உள்ளவர்களும் இல்லாதவர்களும் எப்படி வெவ்வேறு வழியில் சமாளித்தார்கள் என்று 2008-இல் எழுதினார். உரிமை உள்ள வீட்டுக்கு அது வருமானம் மட்டும் இல்லை, ஊரில் ஒரு மரியாதை. அதனால் மீன் குறைந்தாலும் தொழிலை விட்டு எளிதில் வெளியேற மாட்டார்கள். உரிமை இல்லாத சாதியாருக்கோ ஏரியில் சமமான இடமே கிடையாது. பங்கீட்டின் நியாயத்தையும் அதன் வேலியையும் ஒன்றாகப் பார்க்க வைத்தது இந்த ஆய்வின் பலம்.

●

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கு 1996-இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடற்கரை மண்டல வரைபடம் இருக்கிறது. கழிமுகமும் அதன் சதுப்பும் பாதுகாக்க வேண்டிய இடம் என்று அதில் குறித்திருக்கிறது. பின்னாளில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, கழிமுகம் என்று ஒன்று அங்கே இருப்பதாகவே காட்டாத வேறொரு வரைபடம் வந்தது. 2017-இல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊருக்குக் காட்டியவர்கள் எண்ணூர் மீனவர்களும் அவர்களோடு நின்ற செயற்பாட்டாளர்களும்தான். எந்த இடத்தில் இறால் கிடைக்கும், எந்த இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது என்று தினமும் தண்ணீரில் இறங்குகிறவருக்குத் தெரியும். அதையும் நான் ஆய்வு என்றே சொல்வேன்.

●

இனி வருவது படிக்கக் கஷ்டமானது. படித்துவிடுங்கள்.

2001 பிப்ரவரியில் மாதவ் கோயலும் சக ஆய்வாளர்களும் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு பேசினார்கள். பெரும்பாலோர் பெண்கள். விற்றுச் சராசரியாக ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். கடன் தீர்ந்ததா? முக்கால்வாசிப் பேர் ஆய்வு நடந்த நாளிலும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்புபோல் இல்லை என்றார்கள். மற்றவருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்று கேட்டபோது 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள். 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளிவந்ததும், 'ஏழைக்கும் லாபம்தானே' என்ற வாதத்துக்கு உலக அளவில் பதில் கிடைத்தது.

மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன் சென்னைக் குடிசைப் பகுதிப் பெண்களிடம் பேசி 1990-களில் இன்னும் ஆழமான ஒன்றைக் கண்டார். சிறுநீரகம் விற்கலாம் என்று ஒரு பகுதியில் தெரிந்துவிட்டால், வட்டிக்கு விடுகிறவன் அதையும் அடமானப் பொருளாகக் கணக்கில் வைக்கிறான். நெருக்கடி கூடுகிறது. குடும்பக்கட்டுப்பாடு அறுவையை ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் அந்தப் பெண்கள். கத்திக்குப் பழகிய உடம்பு என்று அவர்களே முன்னால் தள்ளப்படுகிறார்கள்.

உறுப்பு வியாபாரத்தைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1994-இல் வந்தது. 2004 சுனாமியில் வீடிழந்து வடசென்னையின் எர்ணாவூருக்குக் கொண்டுவரப்பட்ட மீனவப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007 தொடக்கத்தில் வெளியானது. கடலிலிருந்து தள்ளி வைத்த குடியிருப்பு, கையில் தொழில் இல்லை, கடன் மட்டும் கூடவே வந்தது. காரணங்களை ஆய்வாளர்கள் அச்சில் ஏற்றிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தப் பக்கங்களை மறுவாழ்வுத் திட்டம் போட்டவர்கள் படித்திருந்தால் கடனுக்கும் பிழைப்புக்கும் முதலில் வழி செய்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

●

நேதனியல் ராபர்ட்ஸ் என்ற மானுடவியலாளர் வடசென்னையின் தலித் குடியிருப்பு ஒன்றில் தங்கி எழுதிய நூல் 2016-இல் வந்தது. அங்கே வாழ்பவர்களைக் காக்க 'அன்பு நகர்' என்று பெயரை மாற்றியிருக்கிறார். அவர் அங்கே தங்கியது கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002-இல் வந்து பரபரப்பான காலத்தை ஒட்டி. மதம் மாறினால் ஊர் இரண்டுபடும் என்று வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் கண்டது, ஒரே வீட்டில் மனைவி பெந்தெகொஸ்தே சபைக்குப் போவாள், கணவன் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவான், அதனால் வீடு உடையவில்லை. அக்கம்பக்கத்தாரும் அதைப் பெரிய பிளவாக நினைக்கவில்லை. அந்த மக்களின் ஏக்கம் வேறு: நம்மை மனிதராக நினைத்து யாராவது அக்கறை காட்டுகிறார்களா என்பது. மதத்தைப் பற்றிய கேள்வியோடு போனவர் அக்கறையைப் பற்றிய நூலோடு திரும்பினார்.

●

குடிசைவாசிகளை நகர எல்லைக்கு அனுப்பினால் வறுமை தீருமா? சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கரேன் கோயெல்லோவும் உடன் ஆய்வாளர்களும் அப்படி அனுப்பப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரில் ஆராய்ந்து 2012-இல் தந்த விடை: வறுமையும் கூடவே இடம் மாறுகிறது. வேலை நகரத்துக்குள், வீடு வெளியே என்றான பிறகு பெண்களின் பிழைப்பு முதலில் அடிபடுகிறது.

●

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைச் சொந்த ஊருக்குப் போய் வீடு வீடாகக் கணக்கெடுத்து வரச் சொன்னார். 1918-இல் அது நூலாயிற்று. அந்த ஊர்களில் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள், 2008 வரை. நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, கூலி எப்படி ஏறியது, சாதியின் பிடி எங்கே தளர்ந்தது என்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டை அந்த ஓர் ஊரை வைத்துச் சொல்ல முடிகிறது.

அந்தப் பேறு காசிமேட்டில் ஒரு தெருவுக்கும் எண்ணூரில் ஒரு குப்பத்துக்கும் வாய்க்க வேண்டும். சென்னையில் சமூகவியலும் சமூகப்பணியும் கற்பிக்கும் கல்லூரிகள் பல இருக்கின்றன. வடசென்னையிலிருந்தே அங்கே படிக்க வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை அதே தெரு, அதே வீடுகள், அதே கேள்விகள்: கடலுக்குப் போவது யார், கடன் யாரிடம், எவ்வளவு வட்டி, மூச்சிரைப்பு எத்தனை பேருக்கு, ஆலையில் நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை, முதல் பட்டதாரி எந்த வீட்டுப் பெண். எழுதி முடித்ததைத் தமிழில் அச்சிட்டு, முதல் பிரதியை அந்தத் தெருவிலேயே கொடுக்கலாம்.