மலையிடுக்கும் குகையும் கடற்கரையும்

மத்தியதரைக் கடலின் படத்தை விரித்துப் பார்த்தால், கிரேக்க நாட்டிற்குத் தெற்கே மேற்கும் கிழக்குமாக நீண்டு கிடக்கும் ஒரு தீவைக் காணலாம். அதுவே கிரீட் தீவு. பைபிளை வாசிக்கும் நமக்கு அது புதிய பெயர் அன்று. புனித பவுல் தம் சீடர் தீத்துவைத் திருச்சபைப் பணிக்காக விட்டு வந்தது அந்தத் தீவில்தான். பவுலைக் கைதியாக ஏற்றிக்கொண்டு உரோமைக்குச் சென்ற கப்பலும் அதன் தென்கரையில் ஒதுங்கி நின்றதாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

இத்தீவில் மலையிடுக்கு, குகை, கடற்கரை ஆகிய மூன்றும் அருகருகே அமைந்துள்ளன. இங்குள்ள சமாரியா மலையிடுக்கு 16 கிலோமீட்டர் நீளமுடையது. ஓரிடத்தில் இருபுறமும் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்குப் பாறைச் சுவர்கள் எழுந்து நிற்க, நடுவில் உள்ள வழியோ சுமார் 4 மீட்டர்தான்! காலையில் மலை உச்சியில் நடக்கத் தொடங்குபவர்கள் மாலைக்குள் கடற்கரையை அடைந்து விடுகிறார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வரும் என்பதால் அந்த வழியை மூடி விடுகிறார்கள். மாத்தளா என்ற மற்றோர் ஊரிலோ, கடலோரக் குன்றின் மென்மையான பாறையில் மனிதர் வெட்டிய குகைகள் வரிசையாக உள்ளன. உரோமையர் காலத்தில் அவை கல்லறைகளாகப் பயன்பட்டன.

சேலம், நாமக்கல் சமவெளியில் வெயிலிலும் புழுதியிலும் பள்ளிக்கு வரும் நமக்கு இவையெல்லாம் எட்டாத காட்சிகள் என்று தோன்றலாம். ஆனால் சற்றே சிந்தித்துப் பார்த்தால், இம்மூன்றும் நமக்கும் உண்டு. அவை ஒரே தீவுக்குள் அடங்கவில்லை. ஒரே ஆற்றின் வழியில் அமைந்திருக்கின்றன. அந்த ஆறு காவிரி. மலையிடுக்கு ஒகேனக்கல்லில் இருக்கிறது; குகை நாமக்கல்லில் இருக்கிறது; கடற்கரை சோழ நாட்டில் இருக்கிறது.

முதலில் நம் பாறைகளைப் பற்றி அறிந்து கொள்வோம். கிரீட் தீவின் மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிது அமிலத் தன்மை பெறுகிறது. அந்த நீர் பாறையின் விரிசலுக்குள் இறங்கும்போது சுண்ணாம்பு மெல்லக் கரைகிறது. விரிசல் பொந்தாகிறது, பொந்து குகையாகிறது. பிரான்சு நாட்டில் 1858-ஆம் ஆண்டில் பெர்னதெத் என்ற சிறுமி அன்னை மரியாளைக் கண்ட லூர்து குகையும் சுண்ணாம்புப் பாறைக் குகையே. அதைப் போலச் செய்துதான் நம் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் கல்லும் சிமெண்டும் கொண்டு கெபி கட்டுகிறோம். பெத்லகேமில் இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படும் குகையும் அவ்வகைப் பாறையில் அமைந்ததே. ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் காகிதத்திற்குச் சாயம் பூசி நாம் அமைக்கும் குடில், தொலைநாட்டுச் சுண்ணாம்புக் குகை ஒன்றின் சாயல் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது அல்லவா?

நம் மலைகளோ வேறு வகையானவை. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் சார்னோகைட் என்ற மிகக் கடினமான பாறையால் ஆனவை. இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பை அமைத்த ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலந்து என்ற புவியியல் அறிஞர், 1893-இல் இந்தப் பாறைக்கு அவர் பெயரையே சூட்டினார். அந்தக் கல் சென்னையில் புனித தோமையார் மலைப் பகுதியிலிருந்து சென்றதாகக் கருதப்படுகிறது. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான நம் மலைப் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. கிரீட் தீவின் பாறைகள் இவற்றுக்கு முன் சிறு குழந்தைகள் என்றே கூற வேண்டும்!

இப்பாறை சுண்ணாம்பைப் போல் நீரில் கரையாது. அப்படியானால் ஒகேனக்கல்லில் காவிரி எவ்வாறு வழி அமைத்துக்கொண்டது? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியே இதற்கு விடை. ஆற்று நீர் தனியாக வருவதில்லை. மணலையும் கூழாங்கற்களையும் உருட்டிக்கொண்டு வருகிறது. நீர் கைபோல் இருந்து தள்ள, மணலும் கல்லும் உளிபோல் இருந்து பாறையைத் தேய்க்கின்றன. பாறையில் ஏற்கெனவே உள்ள விரிசல்களில் புகுந்து துண்டு துண்டாகப் பெயர்த்தும் எடுக்கின்றன. கருநாடகத்தில் ஆடுதாண்டும் காவிரி என்று தமிழில் வழங்கும் மேக்கேதாட்டுப் பகுதியில், பாறைகளில் ஆட்டுக்கல் குழி போன்ற வட்டமான பள்ளங்களைக் காணலாம். சுழலில் அகப்பட்ட கற்கள் அங்கேயே சுற்றிச் சுற்றிக் குடைந்த குழிகள் அவை. நம் வீட்டில் மாவாட்டும் குழவியைப் போல அக்கற்கள் ஓயாமல் வேலை செய்திருக்கின்றன.

அங்கிருந்து கீழே வரும் காவிரி, ஒகேனக்கல்லில் பல கிளைகளாகப் பிரிந்து அருவிகளாக விழுந்து, செங்குத்தான பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. புகையைப் போல் நீர்த்திவலை எழுவதால் புகையும் கல் என்ற பொருளில் கன்னட மொழியில் இப்பெயர் அமைந்தது. தருமபுரி மாவட்டம் 1965-இல் பிரியும் வரை இவ்விடமும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. இந்த இடுக்கில் கால்நடையாகச் செல்ல வழியில்லை. பரிசலில்தான் செல்ல வேண்டும். மூங்கிலால் கூடைபோல் முடைந்து, அடிப்புறம் நீர் புகாதபடி மூடிய வட்டமான படகு அது. முன்பக்கம் பின்பக்கம் இல்லாததால் பாறைகளுக்கு இடையே எப்பக்கமும் திரும்ப அதனால் முடிகிறது. காவிரியில் நீர்வரத்து மிகும் நாட்களில் பரிசல் ஓட்டத் தடை விதிக்கிறார்கள். சமாரியா வழியை மழைக்காலத்தில் மூடுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. குறுகிய இடத்தில் பெருகும் நீருக்கு ஒதுங்கிச் செல்ல இடமில்லை. எனவே அது மேலே உயர்கிறது, வேகமும் கொள்கிறது. தடையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

இனிக் குகைகளுக்கு வருவோம். கரையாத பாறையில் பெரிய குகைகள் தாமாக உண்டாவது அரிது. பாறைகள் பிளந்தும், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் நிற்கும் இடங்களில் சிறு குகைகள் அமைகின்றன. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் கொல்லிமலையில், சித்தர்கள் தவமிருந்ததாக மக்கள் கூறும் குகைகள் உள்ளன. அறப்பளீசுவரர் கோயிலின் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவியைக் காணலாம்.

தானாக அமையாத குகையை நம் முன்னோர் தம் கையால் அமைத்தனர். நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறையின் இருபுறமும் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் இரு குடைவரைக் கோயில்கள் உள்ளன. அதியர் குல மன்னன் குணசீலன் அரங்கநாதர் குடைவரையை அமைத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதியேந்திர விஷ்ணுகிருகம் என்பது அதன் பழம்பெயர். இவை ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மாத்தளாவில் குடைந்தவர்களுக்கு மென்மையான பாறை கிடைத்தது. நாமக்கல் சிற்பிகளுக்கோ உளியைத் திருப்பி அடிக்கும் கல்லே வாய்த்தது. ஓர் உளி தவறி ஒரு கை உடைந்தால், சிலைக்கு வேறு கல் கொண்டு வர இயலாது. ஏனெனில் சிலையும் சுவரும் மலையும் ஒன்றே. கோயில் எம்மதத்தினருடையதாயினும், அந்தப் பொறுமைக்கு நாம் அனைவரும் தலைவணங்க வேண்டும்.

ஒகேனக்கல்லை விட்டு வரும் காவிரி, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் தங்குகிறது. 120 அடி வரை நீர் தேக்கும் இந்த அணையால் சோழ நாட்டு வயல்கள் பயன் பெறுகின்றன. ஆனால் தேக்கத்திற்காகச் சில ஊர்கள் தம் இடத்தை விட்டுக் கொடுத்தன. கோடையில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது, பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்களும், சலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் நீருக்கு மேல் தோன்றுகின்றன. அவற்றை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அங்கே செபித்தவர்களும் பொங்கலிட்டவர்களும் தம் வீட்டு வாசலைக் கடைசியாகப் பெருக்கிவிட்டுச் சென்ற நாள் ஒன்று இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சமாரியாவிலும் ஒரு சிற்றூர் இருந்தது. 1962-இல் அப்பகுதி தேசியப் பூங்காவானபோது அங்கிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர். நாம் கண்டு மகிழும் இடங்கள் சில, யாரோ விட்டுச் சென்ற இடங்களாகவும் இருக்கின்றன.

இறுதியாகக் கடற்கரை. காவிரி பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. ஆனால் அது பிரிந்து பரப்பிய வண்டல் நிலம் தெற்கே வேளாங்கண்ணியையும் தாண்டி நீள்கிறது. நம் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் வேளாங்கண்ணிக்குச் செல்லாதவர்கள் குறைவு. ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழா நடைபெறும் அத்திருத்தலத்திற்குக் காவி உடுத்தி நடந்தே செல்பவர்களும் உண்டு. சிலர் தியானத்திற்காகச் சென்று தங்குகிறார்கள். அங்கே கடலில் கால் நனைக்கும்போது நம் பாதத்தின் கீழ் நழுவும் மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். மலைகளைத் தேய்த்து ஆறுகள் கொண்டு சேர்த்த துகள்களும் அதில் கலந்திருக்கும். 250 கோடி ஆண்டுப் பாறையின் நீண்ட பயணம் அங்கே முடிகிறது.

ஆற்று மணல் கடலைச் சேர்ந்தால்தான் அலை அரித்த கரை மீண்டும் நிரம்பும். அணைகள் வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் நாம் பார்த்து மகிழும் ஆற்று மணல் கட்டடங்களுக்காக அள்ளப்பட்டால், கடலுக்குச் செல்லும் பங்கு மேலும் குறைகிறது. நிலத்தடியில் நீரைப் பிடித்து வைக்கும் மணலும் போய்விடுகிறது. கரையின் வலிமை எத்தனை தேவை என்பதை 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப் பேரலை உணர்த்தியது. கிறிஸ்துமஸ் விழாவிற்காக வேளாங்கண்ணி வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் அன்று காலை கடற்கரையில் உயிரிழந்தனர். அவர்களுக்காக நாம் செபிப்பதோடு, கரையைக் காக்கும் மணல்மேடுகளையும் மரங்களையும் அழியாமல் பார்த்துக்கொள்வதும் நம் கடமையாகும்.

மலைகளின் நிலையும் இதுவே. ஆறு கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்க்கும் பாறையை, வெடி வைத்து ஒரே நாளில் ஜல்லியாக்க மனிதனால் முடியும். வீடு கட்டக் கல்லும் மணலும் வேண்டும்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வெட்டிய மரத்திற்குப் பதில் வேறு மரம் நடலாம். உடைத்த குன்றுக்குப் பதில் வேறு குன்று நட யாரால் இயலும்?

ஆகவே தோழியரே, விடுமுறையில் பெற்றோருடன் ஒகேனக்கல்லுக்கோ கொல்லிமலைக்கோ வேளாங்கண்ணிக்கோ செல்லும்போது, கட்டுச்சோற்றுடன் புவியியல் பாடத்தையும் கொஞ்சம் எடுத்துச் செல்வோம். பிளாஸ்டிக் பைகளை அருவியில் வீசாமல் திரும்பக் கொண்டு வருவோம். குடைவரைச் சுவரில் பெயர் கிறுக்காமல், அதைக் குடைந்தவர்களின் உழைப்பை எண்ணிப் பார்ப்போம். பரிசல்காரர் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். கிரீட் தீவில் ஒதுங்கிய கப்பலில் இருந்தவர்களுக்கும், மேற்கொண்டு செல்வது ஆபத்து என்று பவுல் எச்சரித்தார். அவர் சொல்லைக் கேளாமல் பாய் விரித்தவர்கள் புயலில் கப்பலையே இழந்தார்கள்.