ஹாக்கி மட்டைச் சுழற்சியில் கைத்தசைகளின் ஒருங்கியக்கம்: கோவில்பட்டியை முன்வைத்து

கரிசல் நிலத்து ஊரான கோவில்பட்டி, ஹாக்கி வீரர்களை உருவாக்கும் ஊராகவும் அறியப்படுகிறது. 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் இவ்வூரினர். ஹாக்கியில் மட்டையின் உருண்ட பின்புறத்தால் பந்தை ஆடுதல் விதிமீறலாகும். ஆகவே, பந்தை வலமும் இடமுமாக மாற்றி நகர்த்தும் வீரர் ஒவ்வொரு முறையும் மட்டையைப் புரட்டியாக வேண்டும். மேற்பிடியிலுள்ள இடக்கை மட்டையைச் சுழற்ற, வலக்கை அதனைத் தளர்வாகத் தாங்குகிறது.

இச்சுழற்சியில் முன்கையின் அரந்தி எலும்பு பெரிதும் நிலைத்திருக்க, ஆரை எலும்பு அதன்மீது புரள்கிறது. உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புவன அகப்புரட்டுத் தசைகள் இரண்டு. மேல்நோக்கி மெதுவாகத் திருப்பப் புறப்புரட்டுத் தசையே போதுமானது. விரைவும் விசையும் வேண்டப்படும்போது மேற்கையின் இருதலைத் தசை அதற்குத் துணைநிற்கிறது.

ஆயின், இருதலைத் தசை முழங்கையை மடக்கும் தசையுமாகும். அது தனித்து இயங்கினால் முழங்கை மடங்கி, மட்டை பந்தைவிட்டு விலகும். இதனைத் தவிர்க்க, மேற்கையின் பின்புறமுள்ள முத்தலைத் தசை உடன் சுருங்குகிறது. முன்கையில் இத்தசை அரந்தி எலும்புடனேயே இணைகிறது. ஆரை எலும்பைப் பற்றுவதில்லை. எனவே, சுழற்சிக்குத் தடையாகாமல் மடக்கத்தை மட்டும் அது ஈடுசெய்கிறது.

ஆகவே, சுழற்றும் தசைகளை மட்டும் வலுப்படுத்தும் பயிற்சி நிறைவுடையதாகாது. மட்டையைத் திருப்பும் தசைக்கு இணையாக, முழங்கையை நிலைநிறுத்தும் தசையும் பயிற்சியில் இடம்பெறுதல் வேண்டும்.