ரஞ்சிப் புள்ளிக் கணக்கு

ரஞ்சிக் கோப்பைப் பருவம் தொடங்குமுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவுக்குக் காலை நடைக்கு வரும் நாங்கள் சிலர், எந்தப் பிரிவில் எந்த இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும் என்று தாளில் எழுதி வைப்பது வழக்கம். பந்தயம் காப்பிக்குத்தான்.

வீரர்களின் பெயரைப் பார்த்துக் கணிப்பவர்களே அதிகம். புள்ளி முறையைப் பார்க்க வேண்டும் என்பது அடியேன் கட்சி. முழு வெற்றிக்கு 6 புள்ளி. இன்னிங்ஸ் வெற்றி அல்லது 10 விக்கெட் வெற்றி என்றால் 7. டிராவானால் முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்கு 3, மற்றவருக்கு 1. முதல் இன்னிங்ஸே முடியாவிட்டால் ஆளுக்கு 1. 8 அணிகள் உள்ள பிரிவில் ஓர் அணிக்கு 7 ஆட்டங்கள்தான். ஒரே ஒரு மழை கணக்கைக் கவிழ்த்துவிடும்.

2024-25இல் 'சி' பிரிவுக்குக் கர்நாடகம் என்று எழுதினேன். அக்டோபரில் ஆலூரில் கேரளத்துடன் ஆடியபோது மழை; கிடைத்தது 1 புள்ளி. கடைசியில் ஹரியானாவும் கேரளமும் போயின. கேரளமோ காலிறுதியில் 1 ரன், அரையிறுதியில் 2 ரன் முதல் இன்னிங்ஸ் முன்னிலையிலேயே இறுதி ஆட்டத்தை எட்டியது!

தமிழ்நாடு இருக்கும் பிரிவில் மட்டும் என் கணக்கு தடுமாறும். "தாத்தா, நீங்க கடைசியா ஜெயிச்சது 1987-88ல" என்பான் பெங்களூரில் பிறந்த பேரன். 2014-15 இறுதியில் கர்நாடகம் நம்மை இன்னிங்ஸ் கணக்கில் வீழ்த்தியதையும், கருண் நாயரின் 328 ரன்னையும் சேர்த்துச் சொல்வான். 'நீங்க' என்கிறானே, 'நாம' என்று வரவில்லையே என்று உறுத்தும். இருந்தும் முதல் வரியில் தமிழ்நாட்டைத்தான் எழுதுகிறேன். காப்பிச் செலவு பெரும்பாலும் என்னுடையதே.