உள்நிலையும் பொதுநிலையும்

சுங்கை பாக்காப்பில் வசிக்கும் குடும்பம் ஒன்று, உறவினர் திருமணத்திற்குக் கோலாலம்பூர் செல்ல நிபோங் திபால் நிலையத்தில் இ.டி.எஸ். இரயில் ஏற இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் ஒரு பதிவுத் தளத்தைத் திறந்து, இருக்கை வரைபடத்தில் நான்கு இருக்கைகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். பிறகு ஒன்றை நீக்குகின்றனர். வரைபடம் மூன்று எனக் காட்ட, கட்டணப் பகுதி நால்வருக்குரிய தொகையையே கேட்டால் எதை நம்புவது?

இணையச் செயலியின் திரை இந்நொடியில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தகவல்களை ‘நிலை’ என்பர். நாட்காட்டி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது ஒரு நிலை. எந்த இருக்கைகள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன என்பதும் ஒரு நிலையே. ஆனால், இவ்விரண்டும் ஒரே தன்மையுடையன அல்ல. நாட்காட்டி திறந்திருப்பது நாட்காட்டிக்கு மட்டும் தெரிந்தால் போதும், இது உள்நிலை. இருக்கைத் தேர்வோ வரைபடம், கட்டண விவரம், பணம் செலுத்தும் பொத்தான் ஆகிய மூன்றுக்கும் தேவை. எனவே, அது பொதுவான ஓரிடத்தில் இருக்க வேண்டும். இது பொதுநிலை. ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு படி வைத்துக்கொண்டால், ஒன்று மாறும்போது மற்றொன்று பழையதாகவே நின்றுவிடும். மொத்தக் கட்டணத்தையோ தனியே சேமிக்கவே தேவையில்லை. தேர்ந்தெடுத்த இருக்கைகளைக் கொண்டு அவ்வப்போது கணக்கிட்டுக்கொள்ளலாம்.

முகநூல் நிறுவனமே இச்சிக்கலில் தவித்ததுண்டு. புதிய செய்தி வந்திருப்பதாக மேற்பட்டையில் ஓர் எண் தோன்றும். ஆவலோடு திறந்தால் புதிதாக எதுவும் இராது. பிழையைத் திருத்துவர், சில காலத்தில் அது மீண்டும் தலைகாட்டும். மேற்பட்டை, உரையாடல் பெட்டி, செய்திப் பக்கம் எனப் பல பகுதிகள் ஒரே தகவலைக் கையாண்டதே காரணம். 2014ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ‘ஃபிளக்ஸ்’ என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. அதில் தகவல் ஒரே திசையில்தான் பாயும். ஒரு பகுதி மற்றொரு பகுதியை நேரடியாக மாற்ற முடியாது. ‘இது நிகழ்ந்தது’ என்று அறிவிக்க மட்டுமே முடியும். தகவல் களஞ்சியம் அதற்கேற்ப மாறும். அதைப் பார்த்துத் திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்.

அடுத்த ஆண்டில் டேன் அப்ராமோவ், ஆண்ட்ரூ கிளார்க் இருவரும் உருவாக்கிய ‘ரிடக்ஸ்’, பொதுநிலை முழுவதையும் ஒரே களஞ்சியத்தில் வைக்க வழிகாட்டியது. அது பரவியதும் நேர் எதிரான தொல்லை தொடங்கியது. பெட்டியில் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும்கூடக் களஞ்சியத்திற்குப் போயிற்று. சிறு மாற்றத்திற்கும் பல கோப்புகளைத் திருத்த வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் ரிடக்ஸ் தேவைப்படாது, உள்நிலையே போதுமான இடங்கள் உண்டு என்று 2016இல் அப்ராமோவே எழுதினார்.

இன்று நிரலாளர்கள் பலர் உள்நிலையிலிருந்தே தொடங்குகின்றனர். வேறொரு பகுதிக்கும் அத்தகவல் தேவைப்படும்போதுதான், இரண்டையும் உள்ளடக்கிய மேற்பகுதிக்கு அதை உயர்த்துகின்றனர். பலர் மறந்துவிடும் மூன்றாவது இடமும் ஒன்றுண்டு. அது உலாவியின் முகவரிப் பட்டை. தேடிய நாளும் நிலையங்களும் முகவரியிலேயே பதிந்திருந்தால், அந்த இணைப்பைப் புலனத்தில் அண்ணனுக்கு அனுப்பலாம். அவருடைய திரையிலும் அந்நாளுக்குரிய இரயில் பட்டியலே திறக்கும்.